இருபத்தைந்து சதம்

'இலவசம்' என்னும் சொல்லைப்போல நம் நாட்டிலே அடிக்கடி வழங்கப்படுவதும், ஆராயப்படாமல் விடப்படுவதுமான சொல் வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே. இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என்று மாணவர்கள் கட்டுரைப் பரீட்சையிலே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். முப்பதாண்டு காலம் அத்தகைய கட்டுரைகளுக்குப் புள்ளியிட்டவன் நான். இலவசக் கல்வியைப்பற்றி எழுதும் மாணவன் தன் பள்ளிக்கூடத்தையாவது கண்டிருப்பான். இலவச வைத்தியத்தைப்பற்றி எழுதுபவனோ பெரும்பாலும் நோயறியாத இளைஞன். அதனால் அந்தப் பகுதி எப்போதும் இரண்டு வரியோடு முடிந்துவிடும். அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் கிடக்கும் நீண்ட கதையைச் சிறிது விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

ஒருவன் நோயுற்றால் வைத்தியருக்குரிய கூலியையும் மருந்தின் விலையையும் யார் கொடுப்பது? கேள்வி சிறியது. ஆனால் நாம் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

பழைய விடை பரியாரியாரிடம் இருந்தது. நாடி பார்த்து, குளிகை உரைத்து, பத்தியம் சொல்லும் அவரிடம் கூலி பேசும் வழக்கமில்லை. வெற்றிலைச் சுருளிலே வைத்துக் கொடுப்பது எதுவோ அதுவே கூலி. அறுவடையின்போது நெல்லும் தோட்டத்திலே காய்த்ததும் அவர் வீட்டுக்குப் போகும். இம்முறையைப் பொற்காலமென்று போற்றுவோர் இன்றும் உளர். எனக்கு அதிலே முழு உடன்பாடில்லை. பரியாரியாரின் ஏட்டுச்சுவடி அவருடைய குடும்பத்தைவிட்டு வெளியே வந்ததில்லை. பிரசவ அறையிலே தாயும் சேயும் மடிந்தபோது விதியைத் தவிர வேறெவரையும் கேட்க வழியிருக்கவில்லை. கூலி குறைவாயிருந்தது மெய்; உயிரின் விலையும் அவ்வாறே குறைவாயிருந்தது.

1847ஆம் ஆண்டிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வட்டுக்கோட்டையிலே தொடங்கி, பின்னர் மானிப்பாயிலே நிலைகொண்டு, நோயாளரைப் பார்த்ததோடு நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு வைத்தியமும் கற்பித்தார். கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இலே என்பதை நினைத்துப் பார்த்தால் மானிப்பாயின் முந்துரிமை விளங்கும். கிறீன் வைத்தியரைத் தமிழ் விஞ்ஞான நூல்களின் முன்னோடியென்று நம் இலக்கிய வட்டாரத்தினர் நன்கறிவர். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களின் பெயர்களை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் ஏன் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார் என்பதற்கு நாம் கூறும் காரணம் பாதியளவே உண்மை. தமிழன்பு இருந்தது என்போம். இருந்திருக்கலாம். அவர் கண்ட கணக்கு வேறொன்று.

ஆங்கிலத்திலே வைத்தியம் கற்ற மாணவன் படிப்பு முடிந்ததும் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போய்விடுகிறான். அவன் கற்றது அந்த உத்தியோகத்துக்கு ஏற்ற பாஷை. பெறுவதும் அதற்கேற்ற சம்பளம். கிராமத்து ஏழை கொடுக்கக்கூடிய சில்லறை அவனுக்குப் போதாது. தமிழிலே கற்றவனோ தன் ஊரிலேயே இருப்பான். ஊரார் கொடுக்கும் சிறு கூலியிலே ஊரார்போலவே வாழ்வான். இதுவே கிறீன் கண்ட கணக்கு. 1860களின் நடுப்பகுதியிலே பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். அவர் 1873இலே நாடு திரும்புமுன் பயிற்றுவித்தவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர்; அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள். பாடநூல் எந்த மொழியிலே இருக்கவேண்டுமென்ற வாதத்தை நாம் பண்பாட்டு வாதமாகவே நடத்திப் பழகிவிட்டோம். வைத்தியன் எங்கே குடியிருப்பான், நோயாளி எவ்வளவு கொடுக்க நேரும் என்னும் பொருளாதாரக் கேள்விகள் அதனுள்ளே இருந்ததை அந்த மனிதர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்.

அதே காலத்திலே யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை 1850இலே 'பிரண்ட் இன் நீட் சொசைற்றி' என்ற தருமச் சங்கத்தின் பெயரால் ஒரு வைத்தியசாலையைத் தொடக்கினார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வேர் அதுவே. தருமத்தால் நடக்கும் வைத்தியசாலை தருமவான்களின் மனநிலையைப் பொறுத்தே நடக்கும். பிற்காலத்திலே அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

நாடு முழுவதற்குமான விடையைத் தேடித்தந்தது ஒரு நுளம்பு. 1934ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. தென்மேற்கு ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளிலே வாழ்ந்த மக்கள் அந்நோய்க்குப் பழக்கப்படாதவர்கள். உடலிலே எதிர்ப்புச் சக்தி இல்லை, அறுவடையில்லாமையால் வயிற்றிலே சோறும் இல்லை. 1934இன் இறுதியிலே தொடங்கி 1935இலே முடிவதற்குள் இறந்தோர் தொகை ஏறத்தாழ 80,000 என்பர். காய்ச்சலாற் படுத்தோர் பதினைந்து இலட்சத்துக்குக் குறையார். கொயினா மருந்து போதவில்லை. மருந்து இருந்த இடத்திலும் அதை ஏற்க உடம்பிலே வலுவில்லை.

அப்பொழுது கிராமந்தோறும் சென்று நிவாரணம் செய்தவர்களுள் இளம் இடதுசாரிகள் சிலர் இருந்தனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுள் ஒருவர். லண்டனிலே படித்துத் திரும்பியிருந்த என். எம். பெரேரா இன்னொருவர். மருந்தோடு பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்ததனால் கிராமத்தவர் அவரைப் 'பருப்பு மாத்தயா' என்று அழைத்தனராம். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளவேண்டும். கதையிலே இவர்கள் மறுபடியும் வருவார்கள்.

1931இலே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டதென்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். காய்ச்சலிலே பிழைத்தெழுந்த கிராமவாசியின் கையிலே ஒரு வாக்கு இருந்தது. தன் தொகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி கொண்டுவராத பிரதிநிதி அடுத்த முறை வாக்குக் கேட்டு வரமுடியாதென்ற நிலை உண்டாயிற்று. கிராமிய வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழுந்தன. களுத்துறையிலே 1926இலே றொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு பரீட்சார்த்தமாகத் தொடங்கிய சுகாதாரப் பிரிவு நாட்டின் பிற பாகங்களுக்கும் பரவிற்று. மருத்துவமாது வீடு தேடி வரலானாள். ஈற்றில், 1951ஆம் ஆண்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் அறவிடப்பட்டுவந்த கட்டணங்கள் நீக்கப்பட்டன. நாம் இலவச வைத்தியம் என்று சொல்வது இதனையே. அது எவருடைய கருணையினாலும் வந்ததன்று. எண்பதினாயிரம் புதைகுழிகளும் ஒரு வாக்குச் சீட்டும் சேர்ந்து பெற்றது.

இதன் பலனை இலக்கங்களிலே சொல்வது நலம். 1930களிலே உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு இலட்சம் குழந்தைகளுக்கும் இரண்டாயிரம் தாய்மார் வரை பிரசவத்தால் மடிந்தனர். அண்மைய ஆண்டுகளிலே அத்தொகை முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 1946இலே ஆயிரம் குழந்தைகளுள் 141 ஒரு வயதைக் காணாமல் இறந்தன. இன்று அது பத்துக்கும் கீழ். மலேரியாவோ 1963இலே பதினேழு பேருக்கே கண்டது. பின் கவனம் தளர்ந்தபோது இலட்சக்கணக்கிலே திரும்பிவந்து, நெடும்போராட்டத்தின் பின் முற்றாக ஒழிந்தது. 2016இலே உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. 1985இலே றொக்பெல்லர் தாபனம் இத்தாலியிலே கூட்டிய மகாநாடொன்று, குறைந்த செலவிலே நல்ல சுகாதாரம் கண்ட உதாரணங்களாகச் சீனா, கேரளம், கொஸ்தாரிக்கா என்பவற்றோடு இலங்கையையும் வைத்து ஆராய்ந்தது. செல்வந்த நாடுகள் நம்மிடம் பாடம் கேட்க வந்த சில சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

எவ்வாறு இவ்வளவு மலிவாக முடிந்தது? நம் வைத்தியர் ஒரு காலைப்பொழுதிலே பார்க்கும் நோயாளரின் தொகையைப் பிறநாட்டு வைத்தியர் கேட்டால் நம்பமாட்டார். கட்டிலிலே ஒருவர் எழுமுன் அடுத்தவர் காத்திருப்பார். சிலவேளை கட்டிலுக்குக் கீழே பாயிலும் ஒருவர் கிடப்பார். அறைக்குத் திரைச்சீலை இல்லை, சாப்பாட்டிலே ருசியில்லை, பேசுவதற்கு நேரமில்லை. இவற்றாலெல்லாம் ஒரு நன்மையும் விளைந்ததென்று பொருளியலார் சொல்வர். வசதியுள்ளவன் வரிசையிலே நிற்க விரும்பாமல் தானாகவே தனியாரிடம் போய்விடுகிறான். அரசாங்கத்தின் அற்பப் பணம் போகவிடமில்லாத ஏழைக்கு மிஞ்சுகிறது. எவனையும் 'நீ ஏழைதானா?' என்று கேட்டு அத்தாட்சிப் பத்திரம் வாங்கவேண்டிய இழிவு இல்லை. அழகான ஏற்பாடென்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆயினும் அது வேலை செய்தது.

இனி, இருபத்தைந்து சதத்தின் கதைக்கு வருவோம். 1970இலே ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் பணமுடையினால் வாடியது. 1971இலே வெளிநோயாளர் பிரிவிலே மருந்தெடுக்க வருவோர் இருபத்தைந்து சதம் செலுத்தவேண்டுமென்று விதிக்கப்பட்டது. அவ்வரசாங்கத்தின் நிதியமைச்சர் யார்? மலேரியாக் காலத்திலே பருப்புக் கொண்டுபோன அதே என். எம். பெரேரா! இதை அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. திறைசேரியின் சாவியைக் கையில் வாங்கிய எவருக்கும் அந்தச் சங்கடம் நேரும். இருபத்தைந்து சதம் அப்பொழுதும் பெருந்தொகையன்று. 'இவ்வளவு சிறுகாசைக் கொடுக்காதவன் உண்மையில் நோயாளியே அல்லன். பொழுதுபோக்குக்குப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருபவன்' என்று நியாயம் பேசியோரும் இருந்தனர்.

கட்டணம் வந்ததும் வெளிநோயாளர் தொகை குறைந்தது. குறைந்தவர்கள் பொழுதுபோக்குக்கு வந்தவர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் இன்றைக்கு விட்டுவிடும், நாளைக்கு விட்டுவிடும் என்று காத்திருந்த தாய்மாரா? திறைசேரிக் கணக்கேட்டிலே இருவரும் ஒரே இலக்கந்தான். சிறுகட்டணத்தைப்பற்றிய வாதம் இன்றும் பத்தாண்டுக்கொருமுறை தலைகாட்டுகிறது. அதை எழுப்புவோர் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசினால் நன்று.

அதே அரசாங்கம் அதே காலத்திலே வேறொரு காரியமும் செய்தது. அது உலகப் பிரசித்தமானது. நம் மாணவர்களிலே பலர் அறியாதது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும், மலேரியாக் காலத்து டொக்டர் விக்கிரமசிங்கவும் சேர்ந்து மருந்து இறக்குமதியை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தனர். அதன் பயனாக 1971இலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பிபிலே அதன் முதல் தலைவரானார்.

அவர் கண்ட உண்மை மிக எளிது. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களிலே பல விலைகளுக்கு விற்கப்படுகிறது. பனடோல் என்பது நம்மவர்க்குத் தலைவலிக் குளிசையின் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அதனுள்ளிருக்கும் மருந்தின் பெயர் பரசிற்றமோல் என்பதைச் சொன்னால், வேறு குளிசை தருகிறார்களென்று கோபிப்பாரும் உளர். ஒரே புராணத்துக்கு நான்குவித அட்டை போட்டு நான்கு விலைக்கு விற்கும் புத்தகக் கடையைக் கற்பனை செய்துபாருங்கள். நமக்கு வேண்டியது புராணமா, அட்டையா? பிபிலே அட்டைகளைக் கழித்தார். நாட்டிலே புழங்கிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து வகைகளை அறுநூறளவுக்குக் குறைத்துப் பட்டியல் செய்தார். வைத்தியர்கள் மருந்தின் இயற்பெயரை எழுதவேண்டுமென்றார். உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, தரத்தைச் சோதித்து, மலிவான இடத்திலே மொத்தமாக வாங்கினார்.

மருந்துக் கம்பனிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அந்த ஆண்டுகளிலே ஒருமுறை வாந்திபேதி பரவியது. அதற்கு வேண்டிய ரெற்றாசைக்கிளின் மருந்தின் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கி வைத்திருந்தது. அதைக் குளிகைகளாக்கித் தரும்படி கொழும்பிலே ஆலை வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கம்பனியைக் கேட்டனர். கம்பனி இணங்கவில்லை. இயந்திரம் நாட்டுக்குள்ளேயே இருக்க, மருந்தை விமானத்திலே அதிக விலைக்குத் தருவிக்க வேண்டியதாயிற்று. ஆலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார், பேச்சு அடங்கியது. ஒரு சிறு நாட்டின் சுகாதாரக் கொள்கை எந்த எல்லைவரை தன் விருப்பப்படி நடக்கலாமென்பது அன்று தெளிவாயிற்று.

1977ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை அவ்வாண்டிலே வெளியிட்டது. இலங்கை செய்துகாட்டியது உலகத்துக்கு உதாரணமாயிற்று. பிபிலே அவ்வாண்டிலேதான், மருந்துக் கொள்கைபற்றி ஆலோசனை கூறச் சென்றிருந்த கயானா நாட்டிலே காலமானார். இங்கே அவ்வாண்டிலே ஆட்சி மாறிற்று. புதிய அரசாங்கம் அந்த இருபத்தைந்து சதத்தை நீக்கியது, மக்கள் மகிழ்ந்தனர். அதே அரசாங்கம் மருந்து இறக்குமதியைத் தனியாருக்கு மீண்டும் திறந்துவிட்டது. அரசாங்க வைத்தியர்கள் கடமைநேரத்தின் பின் தனியார் வைத்தியம் செய்யவும் அனுமதி கொடுத்தது. முன்வாசலிலே வாங்கிய சில்லறையை நிறுத்திப் பின்வாசலிலே பெரிய உண்டியலொன்றை வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பின்வாசலுக்கு இன்று ஒரு பெயருண்டு: 'சனல்'. காலையிலே அரசாங்க வைத்தியசாலையில் இரண்டு நிமிடம் பார்த்த அதே நிபுணரை, மாலையிலே வேறொரு கட்டடத்திலே பணங்கட்டிப் பத்து நிமிடம் பார்க்கலாம். வைத்தியர்களை இதற்காக வைதுவிடுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. இந்த மாலைநேர வருவாய் இல்லாவிடின் அவர்களிற் பலர் என்றோ கடல் கடந்திருப்பர். காலைநேர இரண்டு நிமிடமும் நமக்குக் கிடையாது. ஆயினும் சம்பளத்தின் குறையை நோயாளியின் மடியிலிருந்து நிரப்பும் ஏற்பாட்டை இலவசம் என்று எப்படிச் சொல்வது? நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவிலே ஏறக்குறையப் பாதி, மக்கள் தம் கையிலிருந்தே நேரடியாகக் கொடுப்பது. தேசிய உற்பத்தியிலே அரசாங்கம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதோ நூற்றுக்கு இரண்டு என்ற அளவைச் சுற்றியே நிற்கிறது.

சனலுக்குப் போகாத ஏழையிடம் இந்தப் பாதி எப்படி வாங்கப்படுகிறது? 'துண்டு' என்று ஒன்று இருக்கிறது. என் அயலிலே வாழும் ஆச்சியொருத்தியைப்பற்றிச் சொல்லுகிறேன். சலரோகமும் இரத்த அழுத்தமும் அவருக்கு நெடுநாளாக உண்டு. மாதமொருமுறை கிளினிக் கொப்பியைச் சீலைப்பையிலே சுற்றிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸிலே போவார். இலக்கம் எடுத்து, காத்திருந்து, வைத்தியரைக் கண்டு, மருந்து வாங்கும் யன்னலுக்கு வரும்போது மத்தியானமாகிவிடும். ஐந்து மருந்திலே மூன்று உறைகளிலே கிடைக்கும். இல்லாத இரண்டும் ஒரு சிறு துண்டிலே எழுதிக் கொடுக்கப்படும். வைத்தியசாலை வாசலுக்கு எதிரே வரிசையாக மருந்துக்கடைகள்.

ஒருநாள் அவர் கத்தரிக்கோலால் குளிசைகளைப் பாதி பாதியாக முறித்துக்கொண்டிருக்கக் கண்டேன். "என்ன ஆச்சி இது?" என்றேன்.

"முழுசாப் போட்டால் மாதம் முடியமுந்தி முடிஞ்சிடும் தம்பி. பாதியாய்ப் போட்டால் கணக்குச் சரியா வரும்" என்றார்.

கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் உடம்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சில மாதங்களிலே பாரிசவாதம் வந்து வலக்கையும் வாயும் விழுந்தன. மூன்று கிழமை அதே வைத்தியசாலையிலே படுத்திருந்தார். கட்டில், சேலைன், மூளைப்படம், தாதிமாரின் இரவுபகல் உழைப்பு யாவும் இலவசம். துண்டிலே எழுதப்பட்ட குளிசையை யன்னலிலேயே கொடுத்திருந்தால் அரசாங்கத்துக்கு ஆகியிருக்கக்கூடிய செலவையும், அந்த மூன்று கிழமைச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்பார்க்க எந்தக் கணக்காளரும் இல்லை.

நம் இலவச வைத்தியம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அம்மைக்கும் என்று கட்டப்பட்டது, அவற்றையெல்லாம் வென்றது. இன்றைய நோய் வேறு. சலரோகம், அழுத்தம், இருதயநோய், வடமத்திய மாகாணத்து உழவர்களை வாட்டும் சிறுநீரக நோய் எல்லாம் வந்துபோகும் விருந்தாளிகளல்ல, வீட்டோடு தங்கிவிடுபவை. அவற்றுக்கு மாதந்தோறும் மருந்து வேண்டும், ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். ஆஸ்பத்திரியிலே படுக்கப் போனவனுக்கு நம் அமைப்பு இன்றும் ஓரளவு கைகொடுக்கிறது. படுக்காமல் இருக்க முயல்பவனைத்தான் கைவிடுகிறது.

2022ஆம் ஆண்டிலே இக்குறை நாடு முழுவதற்கும் வெளிச்சமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்தியது. மருந்திலே நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறக்குமதியாகும் நாட்டிலே டொலர் இல்லையென்றால் மருந்தும் இல்லை. பெரிய வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைகள் ஒத்திப்போடப்பட்டன. புலம்பெயர்ந்தோர் பொதி பொதியாக மருந்து அனுப்பினர். டைக் துரை காலத்துத் தருமம் விமானத்திலே திரும்பிவந்தது! பல நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் அதே விமானங்களிலே புறப்பட்டுப் போயினர். அவசரக் கொள்வனவின் பெயரால் தரங்கெட்ட மருந்து வந்ததென்ற குற்றச்சாட்டும் எழுந்தது; இம்யூனோகுளோபியுலின் விவகாரத்திலே முன்னாள் சுகாதார அமைச்சரொருவர் 2024 பெப்ரவரியிலே கைதானார். பிபிலே வகுத்த தரச்சோதனை எதற்காக என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

சட்டமில்லாமல் இல்லை. 2015இலே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை சட்டமூலம் அமைக்கப்பட்டது. 2016இலே நாற்பத்தெட்டு மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது. கூட்டுத்தாபனத்தின் 'ஒசுசல' கடைகள் இன்றும் பல நகரங்களிலே இருக்கின்றன. ஆச்சியின் ஊரிலிருந்து அத்தகைய கடைக்குப் போய்வர இரண்டு பஸ் ஏறவேண்டும் என்பதுதான் குறை. எதிரே இருக்கும் கடையிலே விலை கூடினாலும் கால்நடையாய்ப் போகலாம்.

'பணமுள்ளவனிடமாவது கட்டணம் வாங்கினால் என்ன?' என்று என் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள். பணமுள்ளவன் ஏலவே வரிசையைவிட்டுப் போய்விட்டான் என்பதே என் விடை. எஞ்சியிருப்பவர்களுள் எவன் பணமுள்ளவனென்று தரம்பிரிக்க ஓர் உத்தியோகத்தர் வேண்டும், ஒரு விண்ணப்பப் படிவம் வேண்டும், கிராம அலுவலரின் கையொப்பம் வேண்டும். அந்தப் படிவத்தின் முன்னாலே முதலில் பின்வாங்குபவள் ஆச்சியாகத்தான் இருப்பாள். வரியாக வாங்கவேண்டியதைக் கட்டில் விளிம்பிலே நின்று வாங்குவது அரசாங்கத்துக்கு அழகன்று.

நான் கேட்பது சிறிய காரியம். ஒவ்வொரு வைத்தியசாலையிலும் அந்த மாதம் எழுதிக்கொடுத்த துண்டுகள் எத்தனை, எந்த மருந்துகளுக்கு என்பதை எண்ணி, மருந்து யன்னலுக்குப் பக்கத்திலே பகிரங்கமாக ஒட்டிவைக்கவேண்டும். புதிய கட்டடங்களைத் திறந்து பெயர்க்கல் நாட்டும் நம் பிரதிநிதிகள் அந்தக் காகிதத்தின் கீழும் தம் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். அழுத்தம், சலரோகம், ஆஸ்துமா போன்ற ஒருசில நோய்களுக்குரிய மலிவான மருந்துகள் எந்த மாதத்திலும் தீர்ந்துபோகக்கூடாதென்று முதலிலே விதித்தால், பிபிலேயின் அறுநூறையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் அவற்றிலே இருபதையாவது காப்பாற்றலாம்.

மலைநாட்டைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று 1872இலேயே சட்டம் பிறந்தது. நாடு முழுவதும் இலவச வைத்தியம் வந்த 1951இலோ அம்மக்களிற் பெரும்பாலோர் பிரசாவுரிமையையும் அதன்பின் வாக்கையும் இழந்தவர்கள். வாக்கினாலே வந்த ஆஸ்பத்திரி வாக்கில்லாதவனின் லயத்துக்குப் போகவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியே அவனுக்கு வைத்தியசாலையாயிருந்தது. காய்ச்சலா, கடமைக்கு முழுக்கா என்று துரையின் கண்ணோடு பார்க்கும் வைத்தியசாலை அது. 1990களின் பின்னரே தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை நிறைவுபெறவில்லை. பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை மலைச்சரிவிலே சுமந்து இறக்குவதற்கு ஆகும் கூலியும் நேரமும் எந்த இலவசத்திலும் சேர்க்கப்படவில்லை.

கிறீன் வைத்தியரின் கணக்கு இவ்விடத்திலே எனக்கு நினைவு வருகிறது. மலைநாட்டு வைத்தியசாலைகளிலே தமிழ் பேசும் வைத்தியரும் தாதியும் போதாமையால், நோயாளியின் சொல்லை வைத்தியருக்கும் வைத்தியரின் சொல்லை நோயாளிக்கும் மொழிபெயர்ப்பவர் பலவேளைகளிலே கூட வந்த பள்ளிப்பிள்ளையாயிருக்கிறது. தாயின் கருப்பை நோயைப் பன்னிரண்டு வயது மகன் வேற்றுமொழியிலே விளக்கவேண்டியிருக்கிறது. மருந்துறையின் மேலே எழுதப்பட்டிருப்பது அவளுக்குப் புரிவதில்லை. வெள்ளைக் குளிசை காலையிலே, சிவப்புக் குளிசை இரவிலே என்று நிறத்தை மனனம் செய்துகொண்டு போகிறாள். அடுத்த மாதம் வேறு கம்பனியின் குளிசை வேறு நிறத்திலே வரும்.

அந்த உறையிலே எத்தனை குளிசை, எந்த வேளைக்கு, உண்ணுமுன்னா பின்னா என்பதை அவளுடைய மொழியிலே அச்சிட ஆகும் செலவு, 1971ஆம் ஆண்டின் நாணயத்திலே சொன்னால், இருபத்தைந்து சதத்தை எட்டாது.